ஒரே தேதியில் வரலாறு: செப்டம்பர் 10



நமது பள்ளிவாசல் அலுவலக அறையில் மாட்டியுள்ள நாட்காட்டியின் ஒவ்வொரு தாளிலும் மூன்று தேதிகள் அச்சிடப்பட்டிருக்கும். நடுவில் பெரிய எழுத்தில் ஆங்கிலத் தேதி, அதன் ஒரு பக்கம் தமிழ்த் தேதி, மறுபக்கம் ஹிஜ்ரித் தேதி. தாளின் அடியில் 'வரலாற்றில் இன்று' என்று இரண்டு வரிகள். மதரஸாவில் ஓதும் சிறுவர் ஒருவர் சென்ற ஆண்டு அவ்வரிகளைப் படித்துவிட்டு, "ஹஜரத், நம்ம ஊர்ப் பக்கம் ஒரு தேதியிலும் ஒண்ணும் நடக்கலையா?" என்று கேட்டார். பாரிஸிலும் இலண்டனிலும் நடந்தவற்றை மட்டுமே அந்த வரிகள் சொல்லிக்கொண்டிருந்தால் பிள்ளைக்கு இந்த ஐயம் வருவது இயல்புதான். அக்கேள்விக்கான விடையாகவே இக்கட்டுரை எழுதப்படுகிறது. எடுத்துக்கொண்ட தேதி செப்டம்பர் 10.

திருப்புட்குழி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது விசயராகவப் பெருமாள் கோயிலும், சடாயு என்னும் பறவையைப் பற்றிய புராணமும்தான். புள் என்றால் பறவை என்பதை நம் ஊர்ப் பெயரே சொல்லிவிடும். ஆனால் நம் ஊருக்கு வடகிழக்கே, காஞ்சிபுரத்திற்கு வடக்கே, ஒரு பகல் பொழுதில் போய்த் திரும்பிவிடக்கூடிய தொலைவில் புள்ளலூர் என்றொரு சிற்றூர் உள்ளது. ஆங்கிலேயர் அதைப் 'பொள்ளிலூர்' என்று எழுதினர். பல்லவர் காலத்திலேயே போர்க்களமாகப் பெயர் பெற்ற ஊர் அது. முதலாம் மகேந்திரவர்மன் தன் பகைவர்களைப் புள்ளலூரில் அழித்தான் என்று காசாக்குடிச் செப்பேடு கூறுகிறது. அதற்குச் சற்றேறக்குறைய 1,150 ஆண்டுகளுக்குப் பின்னர், 1780ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை காலையில், அதே ஊரின் எல்லையில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி இந்திய மண்ணில் அதுவரை கண்டிராத தோல்வியைக் கண்டது. தமிழ்க் கணக்கில் அது சார்வரி ஆண்டு ஆவணி மாதக் கடைசி.

அப்போரின் பின்னணியைச் சுருக்கமாகக் காண்போம். 1769இல் மைசூர் மன்னர் ஹைதர் அலியும் கம்பெனியும், ஒருவருக்கு ஆபத்து வந்தால் மற்றவர் உதவுவது என்று உடன்படிக்கை செய்துகொண்டனர். பின்னர் மராட்டியர் மைசூர் மீது படையெடுத்தபோது கம்பெனி கைகட்டி நின்றது. 1779இல் ஹைதரின் பாதுகாப்பில் இருந்த பிரெஞ்சுத் துறைமுகமான மாஹேயை ஆங்கிலேயர் கைப்பற்றினர். பொறுமை இழந்த ஹைதர், 1780 ஜூலையில் பெரும்படையுடன் கணவாய்களைக் கடந்து கருநாடகச் சமவெளியில் இறங்கினார். அவர் படை 80,000 முதல் 90,000 பேர் வரை இருக்கும் என்பது பொதுவான மதிப்பீடு. ஆற்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜா கம்பெனியின் பக்கம். ஆகவே இதை இரு மதத்தாரிடையே நடந்த போராகக் காட்ட முயல்வோர் முதல் அடியிலேயே இடறுவர். இருபுறமும் தலைமையில் முஸ்லிம் மன்னர்கள் இருந்தனர். இருபுறமும் களத்தில் நின்றவர்களில் பெரும்பாலோர் இந்நாட்டு மக்கள்.

கம்பெனியின் தளபதி சர் ஹெக்டர் மன்றோ. 1764இல் பக்சார் போரில் வென்று பெரும்புகழ் ஈட்டியவர். அவர் பரங்கிமலையில் படை திரட்டி ஆகஸ்டு மாத இறுதியில் காஞ்சிபுரம் வந்து சேர்ந்தார். வடக்கே குண்டூர்ப் பகுதியிலிருந்து கர்னல் வில்லியம் பெய்லி ஏறத்தாழ 2,800 வீரர்களுடன் அவரோடு சேர வந்துகொண்டிருந்தார். ஆகஸ்டு 25 அன்று பெய்லி கொசஸ்தலை ஆற்றங்கரையை அடைந்தபோது ஆற்றில் தண்ணீர் குறைவாகவே இருந்தது. அன்றே கடந்திருக்கலாம், கரையில் கூடாரம் அடித்துத் தங்கிவிட்டார். இரவில் பெய்த மழையில் ஆறு பெருக்கெடுத்தது. செப்டம்பர் தொடக்கத்தில்தான் அவரால் அக்கரை சேர முடிந்தது. நம் பக்கத்து ஆறுகளைப் பற்றி நம் முதியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்தக் கர்னல் அன்றிரவு அங்கே தங்கியிருக்க மாட்டார்.

அந்தத் தாமதம் ஹைதருக்குப் போதுமானதாக இருந்தது. தம் மகன் திப்புவை ஒரு படைப்பிரிவுடன் பெய்லியை மறிக்க அனுப்பினார். செப்டம்பர் 6ஆம் நாள் பேரம்பாக்கம் அருகே திப்புவும் பெய்லியும் மோதினர். பீரங்கி முழக்கம் காஞ்சிபுரத்தில் இருந்த மன்றோவுக்குக் கேட்டது. இருப்பினும் அவர் தம் முழுப் படையுடன் நகரவில்லை. காஞ்சியில் சேர்த்து வைத்திருந்த தானியமும் தளவாடமும் ஹைதர் கையில் சிக்கிவிடும் என்று அஞ்சினார். கர்னல் பிளெட்சர் தலைமையில் சுமார் 1,000 வீரர்களை மட்டும் உதவிக்கு அனுப்பினார். அவர்கள் இரவில் சுற்றுவழியில் சென்று 9ஆம் தேதி பெய்லியுடன் சேர்ந்துகொண்டனர். அன்றிரவே இரு பிரிவும் காஞ்சியை நோக்கிப் புறப்பட்டன. விடாமல் நடந்திருந்தால் ஒருவேளை மன்றோவை அடைந்திருக்கலாம். பெய்லியோ பாதி வழியில் மீண்டும் ஓய்வுக்கு நின்றார். அதே இரவில், மன்றோவின் காவலர்கள் அறியாதவாறு ஹைதர் தம் முழுப் படையையும் புள்ளலூர்ப் பக்கம் நகர்த்திவிட்டார்.

பொழுது விடிந்ததும் பெய்லியின் படை நாற்புறமும் வளைக்கப்பட்டது. ஹைதரின் பணியில் இருந்த பிரெஞ்சு அதிகாரி லாலேயும் அவருடைய ஆட்களும் களத்தில் இருந்தனர். மைசூர்ப் படையின் இரும்புக்குழாய் ஏவுகணைகள் பறந்தன. ஆங்கிலேயரின் வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன. அவற்றைக் கொளுத்தியது பீரங்கிக் குண்டா, ஏவுகணையா என்பதில் நூலாசிரியர்கள் ஒத்துப் போவதில்லை. வண்டிகள் வெடித்த பிறகு தற்காத்துக்கொள்ள மருந்தில்லை. பிளெட்சர் களத்தில் மாண்டார். காயமுற்ற பெய்லி வெள்ளைத் துணியைக் காட்டிச் சரணடைந்தார். ஆங்கிலேயர் கணக்குப்படி 86 அதிகாரிகளில் 36 பேர் இறந்தனர். 34 பேர் காயத்துடனும் 16 பேர் காயமின்றியும் பிடிபட்டனர். அதிகாரிகளைத் தலை எண்ணிப் பதிந்த அதே ஏடுகளில், அவர்களுடன் மடிந்த தமிழ், தெலுங்குச் சிப்பாய்களுக்கு இத்தகைய கணக்கு இல்லை.

புகை எழுவதைக் கண்டு தாமதமாகப் புறப்பட்ட மன்றோ, தப்பி வந்த சிப்பாய் ஒருவரிடம் செய்தி அறிந்து காஞ்சிக்கே திரும்பினார். கனமான பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டு வழியாகச் சென்னைக்குப் பின்வாங்கினார். பக்சார் வீரரின் புகழ் காஞ்சிக் குளத்தில் மூழ்கியது என்று சொன்னால் மிகையாகாது.

பெய்லி ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையில் 1782 நவம்பரில் இறந்தார். அவருடன் பிடிபட்டவர்களில் டேவிட் பேர்டு என்னும் இளம் கேப்டனும் ஒருவர். 44 மாதங்கள் சிறையில் இருந்து 1784இல் விடுதலையானார். 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டையைத் தகர்த்து உள்ளே பாய்ந்த படைக்குத் தலைமை ஏற்றவர் அதே பேர்டுதான். திப்பு சுல்தான் வீழ்ந்தது அன்றுதான்.

வெற்றியின் நினைவாகத் திப்பு தமது தரியா தவுலத் மாளிகையின் சுவரில் புள்ளலூர்ப் போரைப் பெரிய ஓவியமாகத் தீட்டச் செய்தார். பெய்லி பல்லக்கில் அமர்ந்திருப்பதும், வெடிமருந்து வண்டி வெடிப்பதும் அதில் உள்ளன. இன்றும் அங்கே செல்வோர் காணலாம். அதே காட்சியைக் காகிதத்தில் தீட்டிய 32 அடி நீள ஓவியம் ஒன்று 2022இல் இலண்டன் ஏலத்தில் 6,30,000 பவுண்டுக்கு விலை போயிற்று. மறைந்த முன்னாள் குடியரசுத் தலைவர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்கள் 1960களில் அமெரிக்காவின் வாலப்ஸ் தளத்திற்குப் பயிற்சிக்குச் சென்றபோது, அங்கே வரவேற்பறையில் திப்புவின் படையினர் ஏவுகணை செலுத்தும் ஓவியம் மாட்டப்பட்டிருந்ததைக் கண்டு வியந்ததைத் தம் சுயசரிதையில் குறிப்பிட்டுள்ளார். இராமேசுவரத்துப் பிள்ளை ஒருவர் அமெரிக்கா சென்று மைசூர் ஏவுகணையின் பெருமையைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. நம் பிள்ளைகளுக்கோ புள்ளலூருக்குப் பேருந்துக் கட்டணம் போதும்.

பெருமையோடு ஒரு துயரத்தையும் எழுதாமல் விட்டால் இது வரலாறு ஆகாது. ஹைதரின் குதிரைப்படை சென்னையைச் சுற்றியும் காஞ்சிபுரம், ஆற்காட்டுப் பகுதிகளிலும் ஊர்களை எரித்தது. எதிரிக்குத் தானியம் கிடைக்கக் கூடாது என்பது அதன் நோக்கம். எரிந்தது உழவர்களின் குடிசையும் களஞ்சியமும்தான். மக்கள் ஊர் ஊராக ஓடினர். தொடர்ந்து பஞ்சம் வந்தது. அந்த அழிவைப் பற்றி 1785இல் எட்மண்ட் பர்க் இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் பேசியது புகழ்பெற்ற உரை. ஹைதரின் வீரத்தைப் போற்றும் நம்மவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டாமல் தாண்டிவிடுகிறார்கள். வீரம் உண்மை, எரிந்த ஊர்களும் உண்மை.

இனித் தேதிக்கு வருவோம். 1780 செப்டம்பர் 10 ஹிஜ்ரிக் கணக்கில் 1194ஆம் ஆண்டு ரமளான் பிறை 11 ஆகும். (பிறை பார்த்தலில் ஒரு நாள் முன்பின் இருக்கலாம்.) மறு ஆண்டு ஜெனரல் சர் அயர் கூட் திருப்பாசூரைக் கைப்பற்றிவிட்டு ஹைதரைத் தேடி வந்தபோது, ஹைதர் போருக்குத் தேர்ந்துகொண்ட இடமும் புள்ளலூர்தான். பெய்லியை வென்ற அதே இடமும் நாளும் தமக்கு நற்பேறு தரும் என்று ஹைதர் நம்பியதாக ஆங்கிலேய வரலாற்றாசிரியர்கள் எழுதினர். ஹைதர் உண்மையிலேயே அப்படி நம்பினாரா என்பது இருக்கட்டும், கணக்கைச் சரிபார்ப்போம். இரண்டாம் போர் நடந்தது 1781 ஆகஸ்டு 27, திங்கட்கிழமை. ஆங்கிலக் கணக்கில் அது ஓராண்டு நிறைவு அன்று; இரண்டு வாரம் குறைகிறது. ஹிஜ்ரிக் கணக்கில் பார்த்தால் அது 1195 ரமளான் பிறை 7. மாதம் ஒன்றுதான், பிறை ஒன்றல்ல. பிறை 11 வர இன்னும் நான்கு நாள் இருந்தது. நல்ல நாள் பார்த்து நின்றிருந்தால், அந்த நாள் வருமுன்னரே கூட் வந்துவிட்டார் என்றுதான் கொள்ள வேண்டும். நாள் முழுதும் நடந்த அப்போரில் இரு தரப்பும் வெற்றியைக் கோரின. இரவில் ஹைதர் களத்தை விட்டு விலகினார். முந்தைய ஆண்டு மடிந்தவர்களின் எலும்புகள் புதைக்கப்படாமல் கிடந்த நிலத்தின் மீதுதான் அன்றும் போரிட்டனர்.

நாளுக்கும் நிகழ்ச்சிக்கும் முடிச்சுப் போடுவது மனித இயல்பு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அருமை மகன் இப்ராஹீம் மறைந்த அன்று சூரிய கிரகணம் ஏற்பட்டது. குழந்தையின் மரணத்துக்காகவே கிரகணம் வந்தது என்று மக்கள் பேசத் தொடங்கினர். பெருமானார் (ஸல்) அவர்களோ அக்கருத்தை உடனே மறுத்து, எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் சூரியனுக்கும் சந்திரனுக்கும் கிரகணம் பிடிப்பதில்லை என்று விளக்கினார்கள். மதீனாவில் தெரிந்த அந்தக் கிரகணம் கி.பி. 632 ஜனவரி 27 அன்று நிகழ்ந்ததாக வானியல் அறிஞர்கள் கணக்கிட்டுள்ளனர். ஒரே தேதியில் நடந்தவற்றைத் தொகுக்கும் இக்கட்டுரைக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். செப்டம்பர் 10க்கு எவ்வித மந்திர ஆற்றலும் இல்லை. அத்தேதி நமக்கு ஒரு கயிறு. அதைப் பிடித்துக்கொண்டு கிணற்றில் இறங்கிப் பார்க்கிறோம், அவ்வளவுதான்.

தேதி எத்தனை வழுக்கலானது என்பதற்கு இரண்டு சான்றுகள். 1509 செப்டம்பர் 10 அன்று இஸ்தான்புல் மாநகரைக் கடும் நிலநடுக்கம் தாக்கியது. சுல்தான் இரண்டாம் பாயசீத் ஆட்சிக் காலம். ஆயிரக்கணக்கானோர் மாண்டனர், எண்ணற்ற வீடுகளும் பள்ளிவாசல்களும் இடிந்தன. 'சிறிய கியாமத்' என்று அம்மக்கள் அதற்குப் பெயரிட்டனர். நாட்காட்டித் தாளில் இதைப் புள்ளலூரோடு ஒரே நாளில் அச்சிடுவார்கள். ஆனால் 1509இல் ஐரோப்பாவில் வழங்கியது பழைய ஜூலியன் கணக்கு. இன்றைய கணக்குப்படி அது செப்டம்பர் 20. இன்னும் வேடிக்கை ஒன்று உண்டு. ஆங்கிலேயர் 1752இல்தான் புதிய கணக்குக்கு மாறினர். அவ்வாண்டு செப்டம்பர் 2க்கு அடுத்த நாளை 14 என்று எண்ணினர். அதாவது, அவர்களது ஆட்சிப் பகுதிகளில் 1752ஆம் ஆண்டு செப்டம்பர் 10 என்ற நாளே வரவில்லை! அந்த ஆண்டில் அத்தேதியில் பிறந்தவர் என்று எந்த ஆங்கிலேயரையும் காட்ட முடியாது.

சென்ற நூற்றாண்டில் அத்தேதி நமக்குத் தந்த பெயர் ஹவில்தார் அப்துல் ஹமீது. உத்தரப் பிரதேசத்தின் காஜிப்பூர் மாவட்டத்துத் தாமுப்பூர் என்னும் சிற்றூரில் 1933 ஜூலை 1 அன்று பிறந்தவர். தையல் தொழில் செய்த எளிய குடும்பம். 1954 டிசம்பரில் படையில் சேர்ந்தார். கிரெனடியர் படையின் நான்காம் பிரிவில் பணியாற்றினார். 1965 செப்டம்பரில் பாகிஸ்தானின் முதல் கவசப் படைப்பிரிவு பஞ்சாபின் கேம்கரன் வழியே உள்ளே நுழைந்தது. அதனிடம் இருந்தவை அமெரிக்காவில் செய்யப்பட்ட பேட்டன் டாங்கிகள். அப்துல் ஹமீதிடம் இருந்ததோ ஜீப் வண்டியில் பொருத்திய 106 மி.மீ. பின்னுதைப்பில்லாப் பீரங்கி ஒன்று. ஜீப்புக்குக் கவசம் கிடையாது. கரும்புத் தோட்டங்களுக்கிடையே மறைந்திருந்து, டாங்கி அருகில் வரும்வரை காத்து, சுட்டவுடன் இடம் மாற வேண்டும். ஒரு கணம் தாமதித்தாலும் எதிரிக்கு இலக்காகிவிடுவார். சீமா என்னும் ஊரருகே செப்டம்பர் 8 தொடங்கி இவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாக டாங்கிகளை வீழ்த்தினார். எத்தனை என்பதில் நூல்கள் வேறுபடுகின்றன. 10ஆம் தேதியும் களத்தில் நின்றார். இறுதியில் எதிரி டாங்கி ஒன்றும் அவரும் ஒருவரையொருவர் நேருக்கு நேர் குறிபார்த்த நிலையில் குண்டுபட்டு உயிர் நீத்தார். அன்று வெள்ளிக்கிழமை.

அசல் உத்தர் போர் என்று பெயர் பெற்ற அந்தப் போரிலும் தண்ணீருக்குப் பங்குண்டு. இந்தியப் படையினர் கால்வாய் நீரை வயல்களில் பாய்ச்சியிருந்தனர். கனத்த டாங்கிகள் சேற்றில் புதைந்தன. அங்கே விடப்பட்ட டாங்கிகளை நிறுத்தி வைத்த இடத்திற்குப் 'பேட்டன் நகர்' என்றே பெயர் வந்தது. 1780இல் கொசஸ்தலை ஆற்று வெள்ளம், 1965இல் பஞ்சாபின் கால்வாய். இது தற்செயலே, ஆயினும் உழவர்கள் நிறைந்த நமது ஜமாஅத்தில் இதைப் படிப்பவர்களுக்குச் சேற்றின் வலிமை புதிதன்று.

1966 குடியரசு நாளில் நாட்டின் மிக உயர்ந்த போர்க்கள விருதான பரம்வீர் சக்கரத்தை அவருடைய மனைவி ரசூலன் பீவி பெற்றுக்கொண்டார். அதை வழங்கிய குடியரசுத் தலைவர் டாக்டர் இராதாகிருஷ்ணன், நமக்கு அண்மையில் உள்ள திருத்தணியில் பிறந்தவர். 2000ஆம் ஆண்டு அஞ்சல் துறை அப்துல் ஹமீதின் உருவத்துடன் மூன்று ரூபாய் அஞ்சல் தலை வெளியிட்டது. நாட்டுப்பற்றுக்குச் சான்று கேட்கும் குரல்கள் அவ்வப்போது எழுகின்றன. அவர்களுக்கு விடை சொல்ல அப்துல் ஹமீதைச் சான்றாகக் காட்டுவது நம் மேடைகளில் வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் சிறு மனவருத்தம் உண்டு. அந்த மனிதர் சான்று தருவதற்காகச் சாகவில்லை. தம் பீரங்கியையும் தோழர்களையும் விட்டு விலக மனமில்லாமல் நின்றார்.

செப்டம்பர் 10இல் நடந்தவை இன்னும் உள. 2002இல் சுவிட்சர்லாந்து ஐக்கிய நாடுகள் அவையில் சேர்ந்தது. 2008இல் அந்நாட்டின் எல்லையில், பூமிக்கடியில் அமைந்த பெரிய துகள் மோதுகலத்தில் முதன்முறையாகக் கதிர்கள் சுற்றிவரச் செய்யப்பட்டன. அது நாம் ரமளான் முதல் பத்தில் இருந்த நாள். புள்ளலூர்ப் போருக்குப் பின் ரமளான் மாதம் சுமார் 33 ஆண்டுகளுக்கு ஒரு முறை இப்படிச் சுற்றி வந்து செப்டம்பரைத் தொட்டுக்கொண்டே இருக்கிறது. அடுத்து செப்டம்பர் 10 ரமளானில் வருவது 2040ஆம் ஆண்டில்.

புள்ளலூர் சென்றால் ஊரில் கூர்நுனிக் கோபுர வடிவில் இரண்டு கல்லறைச் சின்னங்களைக் காணலாம். தொல்லியல் துறை அவற்றைப் பாதுகாக்கிறது. வழிகாட்டுவோர் சிலர் அவற்றைப் பெய்லியின் போருக்குரியவை என்று சொல்லிவிடுகிறார்கள். அவை 1781ஆம் ஆண்டு இரண்டாம் போரில் மாண்ட இரு ஆங்கிலேய அதிகாரிகளுக்குரியவை. பெய்லிக்கு நினைவுச் சின்னம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் உள்ளது. அவருடைய அண்ணன் தம்பி வழி மகன் 1816இல் எழுப்பியது. இவர்களுடன் அதே மண்ணில் விழுந்த கம்பெனிச் சிப்பாய்களுக்கும் மைசூர் வீரர்களுக்கும் இத்தகைய கல் இல்லை. கேள்வி கேட்ட அந்தச் சிறுவரையும் அவருடைய தோழர்களையும் பெற்றோர் இசைவுடன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே அழைத்துச் செல்ல எண்ணியுள்ளோம். உடன்வர விரும்புவோர் மதரஸாவில் பெயர் கொடுக்கலாம்.